ஒன்பது புள்ளிப் படம்

முப்பத்திரண்டு வருஷம் கணிதம் சொல்லிக் கொடுத்தேன். அத்தனை வருஷமும் வெள்ளிக்கிழமை மத்தியானம் பல்கலைக்கழக வாசலில் பஸ் ஏறி, வத்தலக்குண்டில் மாறி, இருட்டுகிற நேரத்துக்குக் கொடைக்கானல் வந்து சேர்வேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மறுபடி கீழே இறங்கிவிடுவேன். என் கணவர் மலைமேல் ஓர் உறைவிடப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். மகனை வளர்த்தது அவர்தான். பையனுக்கு ஐந்து வயதிருக்கும்போது யாரோ ‘உங்க அம்மா எங்கே’ என்று கேட்டதற்கு, ‘எங்க அம்மா சனி, ஞாயிறு’ என்று பதில் சொன்னானாம். பத்துப் பேர் கூடுகிற இடத்திலெல்லாம் என் கணவர் இதைச் சொல்லிச் சிரிப்பார். நான் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

எனக்கு மனிதர்களை அவ்வளவு சுலபத்தில் பிடிக்காது. அவர்களுக்கும் என்னைப் பிடிக்காது. எங்கள் குடும்பம் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தது. நான் ஒரு கிறிஸ்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்றோடு அப்பா என்னைத் தலைமுழுகினார். கடைப்பக்கம் போனால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மாமியார் வீட்டிலோ, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வராத மருமகள் என்று நான் இருக்கும்போதே என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். இரண்டு வீட்டிலும் இடம் இல்லாமல் போனவளுக்குக் கணிதம் இருந்தது. அங்கே யார் பெண், யார் வீட்டுக்காரி என்று யாரும் கேட்பதில்லை. அதனால் அதை என் சொந்த வீடு மாதிரிக் காவல் காத்தேன். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்த பெண்ணுக்கு வகுப்பறைக் கதவு திறக்காது. விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மார்க்கை உரக்கப் படிப்பேன். என் அறையிலிருந்து அழுதுகொண்டு வெளியே போனவர்களை நான் எண்ணி வைத்ததில்லை.

என்னை விரிவுரையாளர் நிலையிலிருந்து மேலே தூக்கிவிட்டது ஒரே ஒரு கட்டுரை. மகன் கைக்குழந்தையாக இருந்த வருஷம் எழுதியது. என் துறை கிராஃப் தியரி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சில புள்ளிகள், அவற்றில் சிலவற்றை இணைக்கிற கோடுகள், அந்த மாதிரிப் படங்களைப் பற்றிய கணிதம். அந்தக் கட்டுரையில் ஒரு பெரிய தேற்றத்தை நிறுவியிருந்தேன். இரண்டு சுவர்மேல் கூரை நிற்பதுபோல அது இரண்டு சிறிய தேற்றங்களின் மேல் நின்றது. அந்தச் சிறியவற்றை லெம்மா என்போம். வெளிநாட்டுக்காரர்கள்கூட அந்தக் கட்டுரையைத் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக் காட்டினார்கள். அது அச்சான சஞ்சிகையை அலமாரியில் கண்ணுக்கு எதிரே வைத்திருந்தேன்.

ஓய்வுபெற நான்கு வருஷம் இருக்கும்போது அந்தப் பெண் ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள். ஊர் பூண்டி. கொடைக்கானலிலிருந்து மன்னவனூர், கவுஞ்சி தாண்டி இன்னும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய மலைக்கிராமம். அவள் வீட்டில் பூண்டும் கேரட்டும் போடுகிறார்கள். எதற்காக என்னிடம் வந்தாய் என்று கேட்டேன்.

“உங்க பேப்பரப் படிச்சேன் மேடம். நல்லாருந்துச்சு” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்க இவள் யார்? ஆனால் நுழைவுத் தேர்வில் அவள் எழுதியிருந்ததை வாசித்திருந்தேன். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவளும் நான் போகிற பஸ்ஸில்தான் ஊருக்குப் போவாள். நான் முன்பக்கம் ஜன்னலோரம், அவள் பின்னால் எங்கோ. மலை ஏறி முடிகிறவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். பஸ் ஸ்டாண்டில் மகன் ஜீப்போடு நிற்பான். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. டூரிஸ்ட்டுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலை முழுக்கச் சுற்றிக் காட்டுவதுதான் அவன் தொழில். துறையில் யாராவது ‘பையன் என்ன பண்றான்’ என்று கேட்டால் ‘பிசினஸ்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஒரு மே மாசம். சீசன் கூட்டத்தில் பெருமாள்மலையில் வண்டிகள் நகரவேயில்லை. நாங்கள் வந்து சேர்ந்தபோது பூண்டிக்குக் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. மழை வேறு. அவள் பையைத் தலைமேல் பிடித்தபடி ஒரு கடை ஓரமாக ஒண்டி நின்றாள். “அந்தப் பிள்ளையக் கொண்டுபோய் ஊர்ல விட்டுட்டு வா” என்று மகனிடம் சொன்னது நான்தான். பிற்பாடு எவ்வளவோ யோசித்துப் பார்த்தும் அந்தப் பழியை வேறு யார் தலையிலும் போட முடியவில்லை.

ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே என் கணவர் சொன்னார்:

“அவங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்காங்க.”

“எந்த ரெண்டு பேரு?”

“ஒன்னோட ஸ்டூடண்ட்டும் ஒன் மகனும். ஊருக்கே தெரியும். நீ வாரத்துக்கு ரெண்டு நாள் வர்ற ஆளு, ஒனக்குத்தான் தெரியல.”

சாதி, மதம் என்று நான் வாய் திறக்க முடியாது. திறக்கவும் இல்லை. எனக்கு எரிந்தது வேறு. என் மருமகளுக்கு நானே டாக்டர் பட்டம் கொடுத்தேன் என்று துறையில் நான்கு பேர் சிரிப்பார்கள். அந்த நான்கு பேர் யார் யார் என்றுகூட எனக்குத் தெரியும். திங்கட்கிழமை அவளை அறைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தவில்லை. வெளியே இருக்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்றே கேட்டேன்:

“பட்டம் வாங்குறதுக்காக என் மகனைப் பிடிச்சியா?”

அவள் முகம் சிவந்தது. குரல் மட்டும் ஏறவில்லை.

“பட்டத்துக்காக உங்க மகன விடச் சொன்னாலும் விடமாட்டேன் மேடம். உங்க மகனுக்காகப் பட்டத்த விடச் சொன்னாலும் விடமாட்டேன். ரெண்டும் வேற வேற சோலி.”

இன்னொரு பேராசிரியரிடம் மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டேன். இரண்டு வருஷ வேலையை மாற்ற முடியாது என்றாள். அதுவும் நியாயம்தான். எனக்கு அவளுடைய நியாயங்கள் எதுவும் பிடிக்கவில்லை.

அதிலிருந்து இரண்டு மாசம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கையில் ஒரே ஒரு தாளோடு வந்தாள். தாளில் ஒரு படம். ஒன்பது புள்ளிகள், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள். மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“ரெண்டாவது லெம்மா தப்பா கெடக்கு மேடம்.”

“எந்தப் பேப்பர்ல?”

“உங்க பேப்பர்ல. இந்தப் படத்துக்கு அது பொருந்தல. நாலு நாளாப் பாத்துட்டேன்.”

படத்தை ஒரு நிமிஷம் பார்த்திருப்பேன். “வெளியே போ” என்றேன். அவள் தாளை எடுக்கக் கை நீட்டினாள். நான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

அந்தச் சனி, ஞாயிறு வீட்டில் சமைக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் இரண்டு வேளை பள்ளிக்கூட மெஸ்ஸில் போய்ச் சாப்பிட்டு வந்தார். ஒரு புள்ளியை எடுத்துப் பார்த்தேன், ஒரு கோட்டைச் சேர்த்துப் பார்த்தேன். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போனவர் திரும்பி வரும்போது எனக்கு விளங்கிவிட்டது. லெம்மாவின் நிரூபணத்தில் நான்கு நிலைகள் உண்டு. மூன்றை முழுசாக எழுதியிருந்தேன். நான்காவதுக்கு, ‘மேலே கண்டவாறே நிறுவலாம்’ என்று ஒரு வரி. மேலே கண்டவாறு அதை நிறுவ முடியாது. எப்படியும் முடியாது. அவளுடைய ஒன்பது புள்ளியும் அந்த நான்காவது நிலையில்தான் வந்து நின்றன.

அந்த ஒரு வரியை எழுதிய சமயம் குழந்தை அழுதது, ஓடிப் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. குழந்தை அவன் அப்பாவோடு மலைமேல் இருந்தான். நான் கீழே விடுதி அறையில் தனியாக இருந்தேன். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கக் கட்டுரை வேண்டியிருந்தது. அந்த வரியைப் போட்டு முடித்தேன். அவ்வளவுதான் நடந்தது.

திங்கட்கிழமை அவளிடம் தாளை நீட்டி, “ஏழாவது புள்ளி லெம்மாவோட விதிக்கு அடங்கலை. தூக்கிப் போடு” என்றேன். பொய். மாணவிகளிடம் கடுமையாக எவ்வளவோ பேசியிருக்கிறேன். கணிதத்தில் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒரு மணி நேரத்தில் சஞ்சிகையின் நகலோடு திரும்பி வந்தாள். விதி இருந்த பத்தியைப் பென்சிலால் கட்டம் போட்டிருந்தாள். “அடங்குது மேடம். நீங்களே பாருங்க.”

“எனக்கே சொல்லிக் கொடுக்கிறியா?”

“இல்ல மேடம். பாருங்கன்னுதான் சொல்றேன்.”

நான் பார்க்கவில்லை. அவள் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயமே என் தேற்றத்தை நம்பித்தான் இருந்தது. அவள் அதைப் பிரித்துப் போட்டுப் புதிதாக எழுதினாள். முதலில் ஒன்பது புள்ளிப் படம், பிறகு திருத்திய லெம்மா, பிறகு அதிலிருந்து என் தேற்றத்தின் சின்ன வடிவம் ஒன்று. அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு, கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். எடுக்க மாட்டேன் என்றாள். வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது.

எட்டு மாசம் இப்படியே போனது. நான் என்னென்ன செய்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. அத்தியாயத்தை இரண்டு மாசம் மேஜையில் போட்டுவைத்து, காற்புள்ளி அரைப்புள்ளியை மட்டும் திருத்திக் கொடுத்தேன். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பகல் முழுக்க வெளியே நிற்க வைத்தேன். அவள் சுவரில் சாயாமல் நிற்பாள். அந்த நிமிர்ந்த நிற்பு எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும். கடைசியாகச் செய்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். சமவெளியில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விளம்பரம் வந்திருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததற்கு அத்தாட்சி இருந்தால் விண்ணப்பிக்கலாம். அவள் படிவங்களை என் மேஜையில் வைத்து, கடைசி நாள் எது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேலே குத்தியிருந்தாள். நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு நான்கு நாள் லீவு போட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டேன். காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை. அந்த நான்கு நாளும் வீட்டில் அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். கடைசி நாள் போன பிறகுதான் இறங்கிப் போனேன்.

அந்த வாரச் சனிக்கிழமை காலை. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மகன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“நீங்க கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?”

எனக்கு முதலில் கேள்வி காதில் ஏறவில்லை. ‘நீங்க’தான் ஏறியது. பிறந்ததிலிருந்து என்னை ‘நீ’ என்று கூப்பிட்டவன். அந்நியரிடம் பேசுகிற மரியாதையை எடுத்து என்னிடம் நீட்டினான்.

“அது யுனிவர்சிட்டி விஷயம். பத்தாம் வகுப்புக் கணக்குல முப்பத்தஞ்சு வாங்குனவனுக்கு அதுல பேச்சு இல்லை.”

“ஆமா, முப்பத்தஞ்சுதான். அந்த வருஷம் எத்தன நாள் எங்கூட உக்காந்து சொல்லிக் குடுத்தீங்க? கணக்கு டீச்சர் மகன், முப்பத்தஞ்சுன்னு க்ளாஸே சிரிச்சுச்சு. அன்னைக்கு உங்க கைல ஒரு பேப்பர் இருந்துச்சு, அதப் படிச்சுக்கிட்டே ‘அப்பாகிட்ட காமி’ன்னு சொன்னீங்க. அந்தப் பேப்பர்தான தப்பு?”

அந்தப் பேப்பர் இல்லை, அது வேறு என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. தோசை கருகியது.

என் கணவர் மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கணிதம் சுத்தமாக வராது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“அந்தப் பொண்ணு தப்புன்னு சொல்லுது. நீ எட்டு மாசமா அவளத் திட்டுற, திமிருங்கிற, ஏமாத்துக்காரிங்கிற. என் பேப்பர் சரின்னு ஒரு தடவகூட நீ சொல்லல. நான் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

பல்கலைக்கழகத்தில் யாருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றிவிட்டது. நான் கரண்டியைத் தரையில் எறிந்தேன். அது உருண்டு போய் மகன் காலடியில் நின்றது. அவன் குனிந்து எடுத்து மேடைமேல் வைத்துவிட்டு, அறைக்குப் போய்த் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு கிளம்பினான். ஜீப் சரிவில் இறங்குகிற சத்தம் கேட்டது. நான் அடுத்த தோசையை ஊற்றினேன்.

கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்தது. பெற்ற வீட்டுக்குத் தபாலில். என் கணவர் கோட்டு போட்டுக்கொண்டு போனார். நான் போகவில்லை. சாயங்காலம் அவர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். “பொண்ணோட அம்மா ஒன்னப் பத்திக் கேக்கவே இல்ல” என்றார். பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

அடுத்த வருஷம் ஓய்வுபெற்றேன். பிரிவுபசார விழாவில் ஏழு பொன்னாடை. எத்தனையோ பெண்களின் வாழ்வில் விளக்கேற்றியவர் என்று துறைத்தலைவர் பேசினார். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் கைதட்டியபோது அவள் கை மடியில் இருந்தது. மேடையிலிருந்து எனக்கு அந்தக் கையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

ஏழு நாளும் வீட்டில் இருக்கிற மனைவி என் கணவருக்குப் புதிது. முப்பது வருஷமாக அவர் பழகிய ஒழுங்கு ஒன்று இருந்தது. எந்த டப்பாவில் எது, ஹீட்டரை எப்போது போடுவது, எந்த நாற்காலி யாருக்கு என்று. நான் எதைத் தொட்டாலும் அது அவருடையதாக இருந்தது. காலையில் ஏரியைச் சுற்றி நடக்கப் போனால் வழியெல்லாம் நின்று நின்று அவருக்கு வணக்கம் சொல்வார்கள். பக்கத்தில் இருக்கிற என்னை யாருக்கும் தெரியாது. ஒரு வாரத்தில் கூடப் போவதை நிறுத்திவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சஞ்சிகையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் பழைய கட்டுரையில் பிழை இருப்பதாக ஒருவர் குறிப்பு அனுப்பியிருக்கிறார், மூல ஆசிரியர் என்ற முறையில் உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள் என்று. இணைத்திருந்த குறிப்பில் அவள் பெயர் மட்டும் இருந்தது. முதல் பக்கத்திலேயே அந்த ஒன்பது புள்ளி.

ஆறு பக்கத்தையும் படித்தேன். நான்காவது பக்கத்தில் அவளும் ஒரு இடத்தில் சறுக்கியிருந்தாள். குறைந்தது நான்கு என்று வர வேண்டிய இடத்தில் மூன்று என்று போட்டிருந்தாள். இரண்டு வரியில் சரிசெய்துவிடலாம். ஆனால் அதையே பிடித்துக்கொண்டு, நிரூபணம் நிற்காது, வெளியிடத் தகுதியில்லை என்று நான் எழுதினால் அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அப்படித்தான் முதலில் எழுதினேன். எழுதி அனுப்பாமல் வைத்தேன். மூன்று வாரம் தினமும் காலை காபி குடித்ததும் திறந்து படிப்பேன், மூடுவேன். ஒரு நாள் அதை அழித்துவிட்டு வேறு எழுதினேன்: பிழை உண்மை. அது என்னுடையது. நான்காவது பக்கத்தை இன்னின்னவாறு திருத்தி வெளியிடுங்கள்.

நல்ல மனசு வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இதையும் மறைத்து, நாளைக்கு வேறொருவன் கண்டுபிடித்தால் கிழவிக்கு இதுகூடத் தெரியவில்லை என்பானே என்ற பயம் பாதி. அவள் நிரூபணம் என்னுடையதைவிட அழகாக இருந்தது மீதி. அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை.

அது அச்சானது. ஆய்வேட்டை வேறு பேராசிரியர் பொறுப்பேற்றுச் சமர்ப்பிக்க வைத்தார். அவள் டாக்டர் ஆனாள். அவளிடமிருந்து எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. சஞ்சிகை அவளுக்கு அனுப்பிய என் அறிக்கையில் பெயர் இல்லாவிட்டாலும் எழுதியது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனாளாம், இரண்டிலும் எடுக்கவில்லை என்று என் கணவர்தான் சொன்னார்.

“ஏன் இத்தன வருஷம் ஆச்சுன்னு கேக்குறாங்களாம். வழிகாட்டி ஏன் மாறுனாங்க, சண்டக்காரியான்னு பேசிக்கிறாங்களாம். இப்ப ஊர்ல ஸ்கூல்ல பாடம் எடுக்குறா” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை, அவரிடம் சொல்லாமல் பூண்டி பஸ் ஏறினேன். மகனும் அவளும் அங்கே அவள் பெற்றோர் வீட்டிலேயே ஒரு பக்கம் குடியிருந்தார்கள். மகன் ஜீப்போடு வெளியே போயிருந்தான். வீட்டு முன்னால் தார்ப்பாயில் பூண்டைக் கொட்டி அவள் அம்மா தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆகாதவர்கள் வந்தாலும் ‘வாங்க’ என்று ஒரு சொல் சொல்லிவிடுவார்கள். அவர் சொல்லவில்லை.

“எதுக்கு வந்தீங்க?”

“உங்க மகளைப் பார்க்கணும்.”

“பள்ளிக்கூடம் போயிருக்கா. நாலு மணிக்கு வருவா. அதுவரைக்கும் நிக்கிறதுன்னா நில்லுங்க.”

நின்றேன். பனிக்காற்று முகத்தில் அடித்தது. பூண்டை உருட்டி உருட்டிப் போட்டபடியே அவர் பேசினார். குரல் உயரவில்லை. மகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

“எம்புள்ள திங்கக்கெழம வெள்ளனே பஸ்ஸுக்கு ஓடுவா. ராத்திரிச் சோத்தப் பொட்டலமாக் கட்டிக் குடுத்துவிடுவேன். வெள்ளிக்கெழம வாரப்ப காலு வீங்கிப் போயி வருவா. என்னடின்னு கேட்டா, மேடம் நிக்கச் சொன்னாங்கம்பா. ஒங்க கணக்கு எங்களுக்குத் தெரியாது. நாங்க படிக்கல. ஆனா ஒரு பொம்பளப்புள்ள இன்னொரு பொம்பள வாசல்ல எட்டு மாசம் நின்னான்னா, உள்ள உக்காந்திருந்தவ எப்படிப்பட்டவன்னு எங்களுக்குத் தெரியும்.”

“தப்பு என்னோடதுதான்” என்றேன்.

“அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும். நீங்க பஸ் ஏறி வந்து சொல்ல வேண்டியதில்ல.”

நாலரை மணிக்கு அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். கையிலிருந்த நோட்டுக் கட்டைக் கீழே வைக்கவில்லை.

“நான் செஞ்சது தப்பு” என்றேன்.

“எது மேடம்? லெம்மாவா, லீவா?”

லீவு விஷயம் அவளுக்குத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. “ரெண்டும்” என்றேன்.

“லெம்மாவுல யாருக்கும் தப்பு வரும். நாலாம் பக்கத்துல எனக்கும் வந்துச்சு. அதுக்கு யாரும் மன்னிப்புக் கேக்க வேணாம். அந்த நாலு நாள்ல எனக்கு ஒரு வேல போச்சு. அன்னைக்கு ஆபீஸ் ரூம்ல போயி உங்க லீவ் லெட்டரக் காட்டச் சொல்லிப் பாத்தேன். உங்க மகன்கிட்ட போன்ல கேட்டேன், அம்மா அலமாரி அடுக்குறாங்கன்னாரு.”

“நான் என்ன செய்யணும்?” என்றேன்.

“ஏன் லேட்டாச்சுன்னு எழுதிக் குடுங்க” என்றாள். ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்தாள். நான் ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதினேன். தவிர்க்க முடியாத சில காரணங்களால் இவரது ஆய்வேடு தாமதமானது என்று தொடங்கியிருந்தேன். வாங்கிப் படித்தவள், “தவிர்க்க முடியாததா?” என்று கேட்டுத் திருப்பித் தந்தாள். இரண்டாவது தாளில் மிகுந்த அறிவாற்றல் உள்ள மாணவி என்று எழுதினேன். “இதெல்லாம் வேணாம் மேடம். நடந்தத மட்டும் எழுதுங்க.” மூன்றாவது தாளில் எழுதினேன்: இவர் என் கட்டுரையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். அது பிழை என்று தெரிந்தும் நான் ஒப்புக்கொள்ளாமல், ஓய்வுபெறும்வரை இவரது ஆய்வேட்டில் கையெழுத்திட மறுத்தேன். தாமதத்துக்கு நான் மட்டுமே பொறுப்பு. கீழே கையெழுத்து, முழு முகவரி, போன் நம்பர்.

இரண்டு தடவை படித்தாள். மடித்து நோட்டுக்குள் வைத்தாள். அழுவாள் என்றோ, அத்தை என்று கூப்பிடுவாள் என்றோ எனக்குள் எந்த மூலையிலோ ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும். “அஞ்சரைக்கு பஸ் மேடம். வெரசாப் போனா உக்கார எடம் கெடைக்கும்” என்று மட்டும் சொன்னாள். அவள் அம்மா அதற்குள் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஜூன் மாசம் திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வுக்கு முன்னால் அங்கேயிருந்து எனக்குப் போன் வந்தது. கடிதத்தில் உள்ளது நீங்கள் எழுதியதுதானா, நிஜம்தானா என்று ஒருவர் கேட்டார். நிஜம்தான் என்றேன். சரி மேடம் என்று போனை வைத்துவிட்டார். என்னிடம் படித்தவர்கள் யாராவது அந்த அறையில் இருந்திருக்கலாம். இருவரும் கீழே குடிபோனார்கள். மகன் ஜீப்பை விற்றுவிட்டு அங்கே ஒரு டிராவல்ஸ் தொடங்கியிருக்கிறான். ஞாயிறுதோறும் அப்பாவுக்குப் போன் செய்வான். போனை என்னிடம் கொடுத்தால், “மாத்திரை போட்டீங்களா?” என்பான். போட்டேன் என்பேன். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இருவரும் வந்தார்கள். என் கணவரிடம் அவள் கலகலவென்று பேசினாள். மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். காலைப் பலகாரத்தை நான் பரிமாறினேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தவள், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

“இப்ப ஏதாச்சும் பண்றீங்களா மேடம்?”

கணிதத்தைத்தான் கேட்கிறாள் என்று புரிந்தது. “இல்லை. கண் சரியில்லை” என்றேன்.

“நான் பஸ்ஸுல, உங்க வாசல்ல நிக்கிறப்ப, மனசுக்குள்ளயேதான போட்டேன். அதுக்கு எதுக்குக் கண்ணு?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் செருப்பைத் தேடப் போய்விட்டாள்.

என் கணவர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். மத்தியானம் டூரிஸ்ட் வண்டிகள் ஏறத் தொடங்கினால் மலையில் இறங்க முடியாது என்று பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டார்கள்.